மாற்றுச் சிறுநீரகத்துடன் சம்பா வயலில் இறங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்தக் கோடையில் என் அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தந்தவர் அம்மா. புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் மாத்திரைகளை அண்ணன் எடுத்துக்கொள்கிறார். நியூமோசிஸ்டிஸ் நிமோனியா என்ற நுரையீரல் தொற்று வராமலிருக்கக் கொடுத்த கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதால் மருத்துவர் நிறுத்திவிட்டார். அந்த மருந்துக்கு அப்படியொரு குணம் உண்டு. மாற்றாக டாப்சோன் என்ற மருந்தைத் தரலாமா என்று பார்க்க ஜி6பிடி பரிசோதனை எழுதியிருக்கிறார்; ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்கு டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடலாம். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அதை எங்கே செய்கிறார்கள்? டாப்சோன் எடுத்தவர்களுக்கு ரத்தசோகை வந்ததா?

என் பெரிய கவலை வயல்தான். சம்பா நடவு தொடங்கிவிட்டது. அண்ணன் சேற்றில் இறங்கத் துடிக்கிறார். எலிக்காய்ச்சலும், ஈரமண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸும் எதிர்ப்பாற்றலை அடக்கிவைத்த உடம்பில் உயிருக்கே ஆபத்தாகலாம். உறவினர் ஒருவர், கடையில் ஏதாவது ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கச் சொல்கிறார். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் தர மாட்டேன். எரித்ரோமைசின் போன்றவை ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவையே ஏற்றிவிடும்.

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் விவசாயம் பார்ப்பவர்கள் யாரேனும் இருந்தால், எப்போது வயலுக்குத் திரும்பினீர்கள், உங்கள் மருத்துவர் என்ன நிபந்தனை விதித்தார் என்று தயவுசெய்து எழுதுங்கள். காய்ச்சல் வந்தால் இரவிலும் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கும் மருத்துவமனை அருகில் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.