ஓபர்லினில் ஒரு மரவீடு

மகளுக்குக் கல்லூரி பார்க்க ஒஹாயோவில் ஓபர்லின் போயிருந்தோம். வெயிலுக்கு நிழல் தேடி ஈஸ்ட் காலேஜ் தெருவில் நடந்தபோது பழைய மரவீடு ஒன்றைக் காட்டி, "ஜான் மெர்சர் லாங்ஸ்டன் வீடு" என்றார் அந்த வழியாக வந்த பெரியவர். பேரே எனக்குப் புதுசு. ராத்திரி மோட்டலில் தேடிப் படிக்க ஆரம்பித்து, தூக்கம் போச்சு.

1829-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. அம்மா அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். நாலு வயசில் இருவரையும் இழந்தார். ஓபர்லினில் பட்டம் வாங்கியும், கறுப்பர் என்பதால் சட்டப் பள்ளிகள் சேர்க்கவில்லை. நியூயார்க்கில் ஒருவர், "பிரெஞ்சுக்காரன், ஸ்பானியன்னு சொல்லிக்கோ, சேர்த்துக்கறேன்" என்றாராம். மாட்டேன் என்றுவிட்டார். ஒரு வக்கீலிடம் தனியாகப் படித்து 1854-ல் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்ய அனுமதி, வாங்கினார்.

பீட்டர்ஸ்பர்க்காரன்:
அவர் தேர்தலில் நின்ற ஊரில்தான் பதினோரு வருஷமா குடியிருக்கேன். இங்க இருக்கிற வர்ஜீனியா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு முதல் தலைவரும் அவர்தான். 1888-ல் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, நின்றார். ரிபப்ளிகன் கட்சிதான், ஆனா அந்தக் கட்சியின் பெருந்தலை மஹோன் இவரை ஓரங்கட்டிட்டு வேற ஆளை நிறுத்தினார். டெமாக்ரட் ஜெயிச்சதா அறிவிச்சாங்க. இவர் விடாம சபையிலேயே முறையிட்டு, 1890 செப்டம்பர் 23-ல்தான் இடம் கிடைச்சது. பதவிக்காலமோ 1891 மார்ச் 3-ல் முடியுது! அதிலும் ஒரே வாரத்துல கூட்டத்தொடர் முடிஞ்சு, அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க ஊருக்கு ஓடி வந்தார். தோத்துட்டார். அப்புறம் வர்ஜீனியாவிலிருந்து ஒரு கறுப்பர் காங்கிரஸுக்குள்ள போனது 1993-ல், பாபி ஸ்காட். இதை முதல்ல படிச்சப்ப வருஷத்தைத் தப்பா அச்சடிச்சிட்டாங்கன்னு நினைச்சேன்.

வக்கீல் மாமா:
சன்னது கதையில முக்கியமானதை விட்டுட்டீங்களே! அன்றைய ஒஹாயோவில் வக்கீல் தொழில் வெள்ளைக்காரருக்கு மட்டும்தான். பரீட்சை வெச்ச குழு இவரை உத்துப் பார்த்து, "கறுப்பைவிட வெள்ளைதான் அதிகம்"னு முடிவு பண்ணித்தான் அனுமதிச்சாங்க. வேஷம் போடமாட்டேன்னு நியூயார்க்கை உதறினவரு பாருங்க. நான் சன்னது வாங்கி முப்பது வருஷம் ஆச்சு. என் தோல் நிறத்தை யாரும் அளந்து பார்க்கல.

முதலில் எழுதியவன்:
இது தெரியாது மாமா, நன்றி. மகள் வேற கல்லூரியில சேர்ந்துட்டா. அந்த வீட்டு ஃபோட்டோ மட்டும் ஃபோனில் இருக்கு, பாதியை என் கட்டைவிரல் மறைச்சிருக்கு.