நியூ மெக்சிகோ பாலைவன ஊரில் வெந்நீர் ஊற்று: வயதானவர்கள் போகலாமா?

அம்பாசமுத்திரம் வாசி:

எங்கள் மகள் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் வேலை பார்க்கிறாள். வரும் டிசம்பரில் நானும் மனைவியும் அவளிடம் செல்லவிருக்கிறோம். அங்கிருந்து வடக்கே, நியூ மெக்சிகோவில் ‘ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்’ என்றொரு பாலைவனச் சிற்றூரில் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதாகவும், ஒருநாள் அழைத்துப் போவதாகவும் சொல்கிறாள். மனைவிக்கு முழங்கால் வலி; எனக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தே பழகிய எங்களுக்கு இது ஒத்துக்கொள்ளுமா? எல்லோரும் சேர்ந்து இறங்கும் பொதுக்குளம் என்றால் என் மனைவி கரையிலேயே உட்கார்ந்துவிடுவாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லிடைக்குறிச்சி, இப்போது எல் பாசோ:

அண்ணாச்சி, தாராளமாகப் போய் வாருங்கள். டிசம்பர்தான் அதற்கு ஏற்ற காலம்; கோடை வெயிலில் வெந்து கொண்டிருக்கும்போது வெந்நீரில் போய் உட்காருவதில் என்ன சுகம் இருக்கிறது? லாஸ் குரூசெஸ் வழியாக ஏறக்குறைய 190 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். லாஸ் குரூசெஸைத் தாண்டி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருப்பதால், உங்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்; வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போவது இங்கே சரிப்படாது.

ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், ஆறாயிரம் பேர் அளவில் வாழும் ஊர் அது. 1950 வரை ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றே பெயர். பிறகுதான் ஒரு வானொலி நிகழ்ச்சியின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். பாறையிலிருந்து கொட்டும் ஊற்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். கடைத்தெருவை ஒட்டிய குளியல் விடுதிகளின் தொட்டிகளுக்கு நிலத்தடி வெந்நீர் வந்து சேருகிறது. சூடு சுமார் 37 முதல் 46 டிகிரி வரை இருக்கும், கந்தக நாற்றம் கிடையாது. மதினியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: கதவைத் தாழிட்டுக்கொள்ளும் தனியறைத் தொட்டிகள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. பொதுத்தொட்டி என்றால் நீச்சலுடை கேட்பார்கள். நம் வழக்கப்படி எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். ஆற்றைப் பார்த்த தொட்டியில் காலை நேரத்தில் அமர்ந்தால், கழுத்து வரை வெதுவெதுப்பாகவும் காது மடல் மட்டும் விறைத்தும் இருக்கும். பணம் கொடுத்தது அதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

தென்காசி, புவியியல் ஆசிரியர்:

அந்தப் பகுதியில் எரிமலை எதுவும் கொதித்துக்கொண்டிருக்கவில்லை. ரியோ கிராண்டே பிளவுப் பள்ளத்தாக்கில் பூமியின் மேலோடு மெலிந்திருப்பதால் ஆழத்தில் சூடு அதிகம். மலைகளில் பெய்த மழைநீர் கீழே இறங்கிச் சூடேறி, பாறை வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது.

பாளையங்கோட்டை, மருத்துவர்:

முழங்கால் வலிக்கு இதம் கிடைக்கும் என்பது உண்மைதான். சூட்டில் தசை தளர்கிறது, நீர் உடலைத் தாங்குவதால் மூட்டின் மேல் பாரம் குறைகிறது. ஆனால் தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடாது. ஊற்று நீர் எல்லா நோயையும் போக்கும் என்று யாரேனும் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நான் கவலைப்படுவது உங்களைப் பற்றித்தான். சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்திருந்தால் சூடு உறைக்காமலே தோல் வெந்துபோகும். ஆகவே மனைவி கைவைத்துப் பார்த்த பிறகு இறங்குங்கள், சூடு குறைந்த தொட்டியாகத் தேர்ந்தெடுங்கள். வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குவதால், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். 10 அல்லது 15 நிமிடம் போதும். பிறகு படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறித் தண்ணீர் குடியுங்கள், பாலைவனக் காற்றில் உடல் வறள்வது தெரியவே தெரியாது. இன்சுலின் போடுபவராக இருந்தால், ஊசி போட்ட கையோடு இறங்காதீர்கள். சூட்டில் மருந்து வேகமாக ஏறிச் சர்க்கரை தாழ்ந்துவிடும். தலையை முக்கவும் வேண்டாம்: வெதுவெதுப்பான இயற்கை நீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா, மூக்கின் வழியே ஏறினால், அரிதாக மூளையைத் தாக்கும். புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதத்தில் ஆறாத புண் ஏதேனும் இருந்தால் அன்று நீங்கள் இறங்க வேண்டாம், மனைவி மட்டும் குளிக்கட்டும்.