ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்: கைப்பிடிக் கம்பியா, ஒலியா?

சாப்பாட்டுமேசை ஸ்டேஷன்மாஸ்டர்:
ஓஓ அளவில் (1:76, அதாவது நிஜத்தின் 76இல் ஒரு பங்கு) ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பழைய பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் மாதிரி ஒன்று வாங்க ஆறு மாதமாகக் காசு சேர்த்தேன். இப்போது இரண்டு எஞ்சின்களுக்கு நடுவில் தவிக்கிறேன். முதலாவதில் கைப்பிடிக் கம்பிகள் தனித்தனியாகப் பொருத்தியவை. பஃபரை (முனையில் உள்ள மோதுதாங்கியை) விரலால் அமுக்கினால் உள்ளே போய் வருகிறது. ஆனால் டிகோடர் (டிஜிட்டல் கட்டளைகளை வாங்கி எஞ்சினை ஓட்டும் சில்லு) கிடையாது, டெண்டருக்குள் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரிவண்டி) அதைச் சொருக 21 ஊசிச் சாக்கெட் மட்டும் உண்டு. இரண்டாவதில் ஒலி டிகோடர் சேர்ந்தே வருகிறது. கைப்பிடிகளோ உடலோடு வார்த்த வெறும் கோடுகள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். என் தடம் சாப்பாட்டு மேசைமீது போடும் நீள்வட்டம், வளைவின் ஆரம் 438 மி.மீ. இரவு எட்டு மணிக்குள் மேசையைக் காலி செய்தாக வேண்டும், வீட்டு உத்தரவு.

கரித்தூள்:
முதலாவதுதான். டிகோடரை அடுத்த வருடம்கூட வாங்கிச் சொருகலாம். வார்த்த கைப்பிடியைச் சுரண்டிவிட்டுக் கம்பி வைக்கப் போனால் பச்சை வண்ணமும் போகும், நிம்மதியும் போகும். பட்டவன் சொல்கிறேன். எஞ்சின்மேல் எழுதிய எண்ணையும் பாருங்கள்: 1930களில் அது தாங்கிய 4472 வேண்டுமென்றால் புகைபோக்கியின் இருபுறமும் புகையை மேலே திருப்பும் தகடுகள் இருக்கக் கூடாது. அவை 1961இல்தான் வந்தன.

மூன்றுசிலிண்டர்:
எனக்கு உடன்பாடில்லை. ஓடும்போது கம்பியை யார் பார்க்கிறார்கள்? டிஜிட்டலில் சிவி 3 (வேகம் கூடும் விதம்), சிவி 4 (வேகம் குறையும் விதம்) என்ற டிகோடர் அமைப்புகள் இரண்டையும் கொஞ்சம் ஏற்றிவையுங்கள். வண்டி கனத்தோடு கிளம்பி, கனத்தோடு நிற்கும். அந்தச் சுகமே வேறு.

ஆனால் ஒலியைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். இந்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர், ஆகவே பெரிய இயக்குசக்கரம் ஒருமுறை சுற்றினால் ஆறு 'சுக்' கேட்க வேண்டும். நிஜச் சக்கரத்தின் விட்டம் 2,032 மி.மீ.; நம் அளவில் 27 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, சுற்றளவு ஏறக்குறைய 84. அதாவது 14 மி.மீ.க்கு ஒரு 'சுக்'. சக்கரத்தில் சாக்பீஸ் புள்ளி ஒன்று வைத்து, ஊர்ந்து போகும் வேகத்தில் எண்ணுங்கள். நான்குதான் வந்தால் அது இரண்டு சிலிண்டர் எஞ்சினின் குரல்.

சாப்பாட்டுமேசை ஸ்டேஷன்மாஸ்டர்:
கடையில் சாக்பீஸ் கேட்டதும் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். மூன்று தடவை எண்ணினேன்: நான்கு, நான்கு, நான்கு. டிகோடரில் திருத்திக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். "திருத்திக் காட்டுங்கள்" என்றேன், பேச்சை மாற்றினார்.

முதலாவதை வாங்கிவிட்டேன். டிகோடர் தேவைப்படாத பழைய 12 வோல்ட் கன்ட்ரோலரில் சத்தமில்லாமல் ஓடுகிறது. 'சுக்' ஒலியை இப்போதைக்குப் பேரன் வாயால் தருகிறான், அவனும் நான்குதான். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் வந்தது, உள்ளே சிலிண்டரின் அடியில் ஒட்டும் வடிகுழாய்கள், நூல் கனம்தான். ஒட்டிப் பார்த்தேன். முதல் வளைவிலேயே முன்சக்கரங்கள் அவற்றில் இடித்து எஞ்சின் தடம்புரண்டது. கழற்றி, ஊறுகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கரித்தூள்:
உடனே எடுத்து டப்பாவில் போடுங்கள் ஐயா, மணி ஏழே முக்கால்.