குரூப் 4 படிப்பவர்கள் தினமும் ஸ்க்ரீன் டைம் பார்ப்பதால் பலன் உண்டா?

வைகைக்கரை:
வீட்டிலிருந்தே தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பயிற்சி மையத்தில் சேர வசதி இல்லை. வகுப்பு யூடியூபில், பழைய வினாத்தாள் டெலிகிராமில், பள்ளிப் புத்தகம்கூட பிடிஎஃபில்தான். எங்கள் வாட்ஸ்அப் படிப்புக் குழுவை நடத்தும் அண்ணன் புது விதி போட்டிருக்கிறார்: தினமும் இரவு எல்லோரும் ஸ்க்ரீன் டைமை, அதாவது அன்று போன் பார்த்த மொத்த நேரத்தை, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட வேண்டும், நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இதனால் படிப்பு உருப்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேரடி:
உருப்படாது சகோதரி. போனிலேயே படிக்கிறவருக்கு அந்த மொத்தக் கணக்கு எதையும் சொல்லாது. இரண்டு மணி நேரம் அரசியலமைப்பு வகுப்பு பார்த்தாலும் ரீல்ஸ் பார்த்தாலும் அங்கே ஒரே இரண்டு மணி நேரம்தான். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் நல்ல பிள்ளை ஆகிவிடுவார், பிடிஎஃப் படிக்கிற நீங்கள் பொறுப்பில்லாதவர் ஆகிவிடுவீர்கள். இது அநியாயம். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975-லேயே பணக் கொள்கையை வைத்து இதைச் சொன்னார்: ஓர் அளவைக் காட்டி ஆட்களை நெருக்க ஆரம்பித்தால், அந்த அளவை அப்புறம் நம்ப முடியாது. உங்கள் குழுவிலும் அதுதான் நடக்கும். அம்மா போனில் ரீல்ஸ் பார்த்துவிட்டு, தன் போனில் மூன்று மணி நேரம் என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள்.

கணக்கன்:
விதி தப்பு என்பதில் தேரடியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்காக அளப்பதே வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்க்க வேண்டிய எண் வேறு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் திறந்தால் ஒரு வட்டம் வரும், நடுவில் மொத்த நேரம் இருக்கும். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வட்டத்தின் மேலேயே தட்டுங்கள். வரும் பக்கத்தில் நேரத்துக்குப் பதிலாக ‘எத்தனை முறை திறந்தேன்’ என்று மாற்றிப் பார்க்கலாம். ஐபோனிலும் எத்தனை முறை போனைக் கையில் எடுத்தோம் என்ற கணக்கு உண்டு. அதுதான் நமக்கு வேண்டியது.

குரூப் 4-ல் 3 மணி நேரம், 200 கேள்வி. கேள்விக்கு 54 விநாடி. மூன்று மணி நேரம் கவனம் சிதறாமல் உட்காருவதே அந்தத் தேர்வில் பாதி வேலை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் திரை முன்னால் வேலை செய்பவர்களை வருடக்கணக்காக அளந்தவர். 2004-ல் ஒரே திரையில் கவனம் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றது, பிற்காலத்தில் 47 விநாடிக்கு இறங்கிவிட்டது என்கிறார். காலைப் படிப்பு நேரத்தில் இன்ஸ்டாகிராமை இருபது தடவை திறந்து மொத்தம் பத்தே நிமிடம் பார்த்தவர், நேரக் கணக்கில் தப்பித்துவிடுவார். அவர் படிப்பு போனது போனதுதான்.

தேரடி:
திறந்த எண்ணிக்கையும் ஏமாற்றும் நண்பரே. ஓடிபி பார்க்க, அப்பாவுக்கு பதில் சொல்ல, ஒரு சொல்லுக்கு அகராதி தேட என்று எல்லாவற்றுக்கும் போனைத் திறக்கிறோம். சரி, எண் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தால் நிறுத்திவிடுவோமா? ஐபோனில் ஓர் ஆப்புக்கு நேர வரம்பு வையுங்கள். வரம்பு முடிந்ததும் திரை மறையும், கீழேயே வரம்பைப் புறக்கணிக்கும் பொத்தானும் இருக்கும். தட்டினால் இன்னும் ஒரு நிமிடமா, பதினைந்து நிமிடமா, இன்று முழுக்கவா என்று கேட்கும்.

கூகுளும் ஆப்பிளும் 2018-ல்தான் இந்த வசதிகளைக் கொண்டுவந்தார்கள். யூடியூபும் கூகுளுடையதுதான். நாம் பார்க்கப் பார்க்கத்தான் அவர்களுக்கு விளம்பர வருமானம். அடுத்த வீடியோவைத் தானாக ஓட விட்டுவிட்டு, கணக்குப் பார்க்கும் பொறுப்பை நம் தலையில் கட்டுகிறார்கள். எனக்குக் கோபமே இங்கேதான். தானாக ஓடுவதை நிறுத்துங்கள். யூடியூபில் பார்வை வரலாற்றை அழித்துவிட்டு அணைத்தும் வையுங்கள், முகப்பில் பரிந்துரை வீடியோக்கள் வராமல் வெறுமையாக இருக்கும். வகுப்பின் பெயரைத் தேடிப் போய்ப் பார்க்கலாம். இதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம்.

கணக்கன்:
அருமையான யோசனை, எல்லோரும் செய்யுங்கள். ஆனால் எந்த ஆப்பை அடைக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நினைவை நம்பினால் நடக்காது. மனிதர் சொல்லும் போன் பயன்பாட்டையும் கருவியில் பதிவானதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இரண்டும் சரியாகப் பொருந்துவது அபூர்வம் என்பதுதான் அதன் முடிவு. இன்ஸ்டாகிராம்தான் எதிரி என்று நினைப்போம், பதிவைப் பார்த்தால் படிப்புக் குழுவின் வாட்ஸ்அப்பே காலையைத் தின்றிருக்கும்.

பிச்சிப்பூ:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நேரம் மட்டுமா தெரியும்? ஆப் பெயர்களும் வரிசையாகத் தெரியும். கடன் ஆப், வரன் பார்க்கும் ஆப், மாதவிடாய் நாள் குறிக்கும் ஆப் எல்லாம் ஐம்பது பேர் இருக்கும் குழுவுக்கு எதற்கு? வைகைக்கரை, தங்கச்சி, அதை மட்டும் போடாதே. நான் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன். பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்கும் வகுப்புதான் எனக்குப் பாதிப் படிப்பு. திரை எரிந்துகொண்டே இருக்கும், என் கணக்கு எப்போதும் நான்கு மணி நேரத்தைத் தாண்டித்தான் நிற்கும். அதற்காக என்னைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல விடமாட்டேன்.

வைகைக்கரை:
நன்றி அக்கா, அது எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்கிரீன்ஷாட் போட முடியாது என்று அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன். கணக்கன் அண்ணா, நான் படிப்பது காலை ஐந்திலிருந்து எட்டு வரை. அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் தனியாகப் பார்க்க முடியுமா?

கணக்கன்:
முடியும் தங்கச்சி. அதே பக்கத்தில் ஆப்பின் பெயரைத் தட்டி, நாள்வாரிக் கணக்கை மணிவாரியாக மாற்று. ஐந்து முதல் எட்டு வரை வகுப்பு நடக்கும் ஆப்பைத் தவிர வேறு எதற்குக் கோடு எழும்பியிருக்கிறதோ, அதை அந்த நேரத்துக்கு மட்டும் அடைத்து வை. அடைப்பதற்கு ‘ஃபோகஸ் மோட்’ அங்கேயே இருக்கிறது.

தேரடி:
ஒரு வாரம் பாருங்கள், எந்த ஆப் என்று தெரிந்ததும் பார்ப்பதை விட்டுவிடுங்கள். தினமும் இரவு வரைபடம் பார்க்கும் நேரத்தில் பழைய வினாத்தாளில் பத்துக் கணக்குப் போட்டுவிடலாம். ஞாயிறு தோறும் முழு மாதிரித் தேர்வு எழுதி, மதிப்பெண்ணைக் குழுவில் போடச் சொல்லுங்கள் என்று உங்கள் அண்ணனிடம் கேளுங்கள். அந்த விதிக்கு நான் முழு ஆதரவு.