மெமோரியல் டே 'மர்ஃப்': மூணு புல்-அப்தான் வரும், கலந்துக்கலாமா?

புதுநடை:
வணக்கம். அமெரிக்கா வந்து ரெண்டு வருஷம் ஆகுது. ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர், மெமோரியல் டே, அதாவது போர்ல இறந்த வீரர்களை நினைக்கற மே மாசக் கடைசித் திங்கள், அன்னைக்குக் காலையில பார்க்ல எல்லாரும் சேர்ந்து பண்ற 'மர்ஃப்'ங்கற உடற்பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கார். அவரோட அண்ணன் ஈராக்ல இறந்தவர். அதனால "பார்க்கலாம்"னு தட்டிக்கழிக்க மனசு வரல. ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 பஸ்கி, திரும்பவும் ஒரு மைல். அதுவும் 20 பவுண்ட் வெஸ்ட்டோட (எடை வச்ச கையில்லாத மேலாடை). எனக்கு ஒரே மூச்சுல மூணு புல்-அப்தான் வரும். கையில ஏழு வாரம் இருக்கு. பாதியோட நிறுத்தினா மரியாதைக்குறைவா எடுத்துக்குவாங்களா? இந்த நாட்டுக்காரன் இல்லாத நான் அங்க போய் நிக்கறது சரியா?

வெயிலுக்குமுன்:
தாராளமா போங்க. நான் ஆறு வருஷமா பண்றேன். வெஸ்ட் போட்டது கடைசி ரெண்டு வருஷம்தான், அதுவும் பெண்களுக்குன்னு வச்சிருக்கற 14 பவுண்ட்.

முதல்ல அது யார் பேர்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. மைக்கேல் மர்ஃபி, நியூயார்க் மாநிலத்துல வளர்ந்தவர், நேவி சீல்ங்கற அமெரிக்கக் கடற்படைச் சிறப்புப் படையில லெப்டினன்ட். 2005 ஜூன் 28 அன்னைக்கு ஆப்கானிஸ்தான்ல குனார் மலையில நாலு பேர் குழுவுக்குத் தலைவரா இருந்தார். எதிரிங்க சூழ்ந்துட்டாங்க, மலை இடுக்குல சிக்னல் எடுக்கல. உதவி கேட்கணும்னு மறைவை விட்டு வெட்டவெளிக்கு வந்து போன்ல பேசினார். பேசிக்கிட்டிருக்கும்போதே முதுகுல குண்டு. கீழ விழுந்த போனை எடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சார். வயசு 29. குழுவுல மூணு பேர், காப்பாத்தப் போன ஹெலிகாப்டரைச் சுட்டதுல 16 பேர், ஆக அன்னைக்கு 19 உயிர். குழுவுல ஒருத்தர்தான் பிழைச்சார். 2007ல மெடல் ஆஃப் ஹானரை, அதாவது அமெரிக்க ராணுவத்தோட உச்ச விருதை, மர்ஃபியோட அப்பா அம்மாதான் வாங்கிக்கிட்டாங்க.

இந்தப் பயிற்சி அவரே பண்ணிக்கிட்டிருந்தது. அவர் வச்ச பேர் 'பாடி ஆர்மர்'. கவசத்தை மாட்டிக்கிட்டே பண்ணினதால அந்தப் பேர், அதுக்குப் பதிலாத்தான் நாம இப்ப போடற வெஸ்ட். முதல் வருஷம் உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

100 புல்-அப்பை ஒரே தடவையா யோசிக்காதீங்க. 5 புல்-அப், 10 தண்டால், 15 பஸ்கி, இது ஒரு சுற்று. 20 சுற்று போட்டா முழுக்கணக்கு, 10 போட்டா பாதி. நீங்க பாதிக்குப் போங்க, ஓட்டமும் அரை மைல் அரை மைலா. புல்-அப்புக்குப் பதிலா இடுப்பு உயரக் கம்பியைப் பிடிச்சு, குதிகாலைத் தரையில ஊனி, சாய்ஞ்சு நெஞ்சை இழுங்க. இந்த வாரம் மூணு சுற்றுல ஆரம்பிச்சு வாரம் ஒண்ணு ஒண்ணா ஏத்திட்டு, கடைசி வாரம் சும்மா இருங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். புல்-அப் வரலைன்னு குதிச்சுக் கம்பியைப் பிடிச்சு மெதுவா இறங்கற வேலையை நூறு தடவை பண்ணிடாதீங்க. முதல் வருஷம் நான் பண்ணினேன். அன்னைக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள் முழங்கை மடங்கினபடியே நின்னுடுச்சு, தலை சீவ முடியல. அதுக்கு அடுத்த நாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துல போச்சு. ஆஸ்பத்திரியில ராப்டோமயோலிசிஸ்னாங்க. தசை சிதைஞ்சு அதுலேர்ந்து வர்ற புரதம் கிட்னியை அடைக்கற நிலை. மூணு நாள் டிரிப். இறங்கும்போது தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்குது, பழகாத கைக்கு அதுதான் பெரிய அடி. இதை அங்க யாரும் எனக்குச் சொல்லல, அந்த ஆத்திரம் இன்னும் இருக்கு.

இப்ப உங்க முதல் கேள்வி. எங்க பார்க்ல ஒரு வயசான அம்மா மடக்கு நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க. மகன் ஆப்கானிஸ்தான்ல இறந்துட்டார். ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு பேப்பர் கப்புல 20 ஐஸ்குச்சி இருக்கும். சுற்று முடிய முடிய ஒரு குச்சியை அவங்க கையில கொடுக்கணும். ரெண்டாவது வருஷம் பத்துக் குச்சி கொடுத்துட்டு, மிச்சம் பத்தைக் கப்புலயே வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நின்னேன். அவங்க கப்பைப் பார்க்கவே இல்ல. என் தோளைப் பார்த்து, "யார் பேரும் போட்டுக்கலையா?"ன்னு கேட்டாங்க. மத்தவங்க எல்லாரும் டேப்புல ஒரு பேர் எழுதி ஒட்டியிருந்தாங்க, எனக்குத் தெரியாது. அவங்களே ஒரு துண்டு கிழிச்சு மகன் பேரை எழுதி என் முதுகுல ஒட்டிவிட்டாங்க. கடைசி ஓட்டம் அந்தப் பேரோடதான் ஓடினேன். உங்க நண்பர்கிட்ட அண்ணன் பேரைக் கேளுங்க.

அங்க போய் "ஹேப்பி மெமோரியல் டே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உயிரோட இருக்கற வீரர்களுக்கு நன்றி சொல்ற நாள் நவம்பர் 11. இது இறந்தவங்களுக்கானது. அன்னைக்கு மதியம் 12 வரைக்கும் கொடி அரைக்கம்பத்துல பறக்கும்.

இரவுப்பணி:
நான் நர்ஸ். மேல சொன்னது அப்படியே உண்மை. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடறவங்க முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கணும். வலி வரக்கூடாதுன்னு முன்னாடியே ஐபுப்ரோஃபென் போடற பழக்கமும் வேண்டாம், வியர்த்து நீர் வத்தின உடம்புல அது கிட்னிக்குச் சுமை. வலியோட கை வீங்கினாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ "நாளைக்குப் பார்க்கலாம்"னு இருக்காதீங்க, அன்னைக்கே போங்க.

கல்பாலம்:
எனக்கு முழுசா முடிக்க நாலு வருஷம் ஆச்சு, வெஸ்ட் இல்லாம ஒரு மணி 20 நிமிஷம். முழுக்கணக்கை எட்டணும்னு ஆசைப்படறதுல தப்பில்ல, அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கோங்க. கைக்குச் சாக்பொடி எடுத்துட்டுப் போங்க, உள்ளங்கைத் தோல் உரியும்.

புதுநடை:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துல அவர்கிட்ட அண்ணன் பேரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் என் நோட்டை இழுத்து, பெரிய எழுத்துல அவரே எழுதிக் கொடுத்தார். உச்சரிப்பையும் ரெண்டு தடவை சொல்லித் தந்தார், கடைசி எழுத்து சத்தம் வராதாம். பாதிதான் பண்ணுவேன்னு சொன்னதுக்கு, "என்னோட பக்கத்துக் கம்பியை எடுத்துக்கோ"ன்னார். வெயிலுக்குமுன், எந்த டேப் வாங்கணும்?

வெயிலுக்குமுன்:
பெயிண்ட் அடிக்கறவங்க ஒட்டற நீல டேப் வேண்டாம், வியர்வையில அரை மணி கூட நிக்காது. அகலமான துணி டேப் வாங்குங்க, வெள்ளை நிறம். பெர்மனன்ட் மார்க்கர்ல முந்தின நாள் ராத்திரியே எழுதிக் காயவச்சிடுங்க. அவரையே ஒட்டிவிடச் சொல்லுங்க.