தரையைப் பார்த்துக்கொண்டே ஐந்து தலைநகரங்கள்

கோடையில் ஊரிலிருந்து யாராவது வந்தால் நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் என்று கூட்டிப்போவதுதான் இங்கே வழக்கம். என் பள்ளித்தோழி திண்டுக்கல்லிலிருந்து வந்தபோது, சிகாகோவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மாநில கேப்பிட்டல் கட்டடங்களை, அதாவது மாநிலத் தலைநகரங்களின் சட்டமன்றக் கட்டடங்களை, பார்க்கக் கிளம்பினோம். மேடிசன், செயின்ட் பால், பியர், லிங்கன், டி மாய்ன், அப்புறம் வீடு. கேட்டவர்கள் எல்லாரும் "அங்கே போய் என்ன பார்க்கப்போறீங்க?" என்றார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுடைய அப்பா மொசைக் தரை போடும் காண்ட்ராக்டர். இப்போது அவள் டைல்ஸ், கிரானைட் கடை நடத்துகிறாள். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் எல்லாரும் மேலே பார்க்கும்போது இவள் கீழே பார்ப்பாள். மேடிசன் கேப்பிட்டலின் படம் ஒன்றை முன்பு அவளுக்கு அனுப்பியிருந்தேன். "இந்தக் கல்லை எல்லாம் தொட்டுப் பார்க்கணும்டீ" என்றாள். பயணத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

விஸ்கான்சினின் தலைநகர் மேடிசனுக்குச் சனிக்கிழமை போங்கள். கேப்பிட்டலைச் சுற்றி விவசாயிகள் சந்தை கூடுகிறது. கடிக்கும்போது பல்லில் கீச்சிடும் பாலாடைக் கட்டியை வாங்கிக் கொறித்துக்கொண்டே உள்ளே போகலாம். 1917-ல் முடிந்த கட்டடம். அதன் கிரானைட் குவிமாடம் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருப்பதைவிட உயரத்தில் மூன்று அடிதான் குறைவு. உள்ளே கல்லுக்குள் புதைந்த கடல் உயிரினங்களின் தடங்கள் இருக்கின்றன, ஒரு நட்சத்திர மீன்கூட. தோழி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கடையில் வாடிக்கையாளர் 'டிசைன்ல கறை இருக்கு' என்று திருப்பி அனுப்பிய பலகைகளை நினைத்து வருத்தப்பட்டாள்.

மினசோட்டாவின் தலைநகர் செயின்ட் பாலில் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி ஒரு கல்லூரி மாணவி. வானிலை ஒத்துழைத்தால் கூரைக்கே ஏற்றிவிடுகிறார்கள். அங்கே தங்க முலாம் பூசிய நான்கு குதிரைகள் பூட்டிய ரதம். வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் லிங்கன் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்சும், எட்வர்ட் பாட்டரும் சேர்ந்து செய்தது. தோழிக்கு அதைவிடப் பிடித்தது கல்லைப் பற்றிய சண்டை. கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட் வெளிச்சுவருக்கு ஜார்ஜியாவின் வெள்ளைச் சலவைக்கல்தான் வேண்டும் என்றார். 'நம் மாநிலத்தில் கல் இல்லையா?' என்று உள்ளூரில் எதிர்ப்பு. உள்நாட்டுப் போரில் எதிரணியில் நின்ற மாநிலத்தின் கல் எதற்கு என்றும் குமுறல். கடைசியில் மேலே ஜார்ஜியா கல், கீழ்த்தளத்துக்கும் உள்சுவர்களுக்கும் மினசோட்டா கல் என்று முடிந்தது. "எங்க அப்பாகிட்ட கேட்டிருந்தா இதையேதான் சொல்லியிருப்பார்" என்றாள் அவள். அந்த மாணவி அதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

சரி, பியர்.

தெற்கு டகோட்டாவின் தலைநகர் இது. மக்கள்தொகை 14,000 சொச்சம். தேசிய நெடுஞ்சாலை எண் 90 இந்த ஊரைத் தொடுவதே இல்லை. அதிலிருந்து பிரிந்து வடக்கே 30 மைலுக்கு மேல் போக வேண்டும். இரண்டு பக்கமும் புல்வெளி, எதிரில் அபூர்வமாக ஒரு லாரி. இந்த வழியில் தலைநகர் இருக்குமா என்று தோன்றும் நேரத்தில் கறுத்த செப்புக் குவிமாடம் தெரிகிறது.

1910-ல் முடிந்த கட்டடம். தரை முழுக்க மொசைக், நம் வீடுகளில் 80-களில் போட்டோமே அதே சங்கதிதான். வாசலில் இருந்த வயதான பெண்மணி ஒரு கதை சொன்னார். தரை போட வந்த இத்தாலியத் தொழிலாளர்கள் 66 பேர். கையெழுத்துப் போட அனுமதி இல்லாததால் ஆளுக்கு ஒரு நீலக் கல் கொடுத்தார்களாம், பிடித்த இடத்தில் பதித்துக்கொள்ள. இதுவரை கண்ணில் பட்டவை 55 என்கிறார்கள். மற்றவை எங்கே என்று தெரியாது. "எங்கெங்கே இருக்குன்னு சொல்ல மாட்டேன், தேடுங்க" என்று சிரித்தார்.

தோழி தேட ஆரம்பித்தாள். நான் அறைகளின் நடுவில் தேடினேன். அவள் ஓரங்களில் தேடினாள். "நடுவுல பதிச்சா மேஸ்திரி கண்ணுல படும். வேலை முடியுற மூலையிலதான் வைப்பான்" என்றாள். படிக்கட்டு அருகே, தூணை ஒட்டி, முதல் நீலக் கல்லை அவள்தான் கண்டாள். விரல் நகம் அளவு. சுற்றிலும் இருந்த பழுப்பு, வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவே மையைச் சிந்திய மாதிரி பளிச்சென்ற நீலம். முட்டி போட்டு உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார். அறுபது வயதிருக்கும். எங்களைக் கூப்பிட்டு ஒரு பெஞ்சை நகர்த்தி, அடியில் இன்னொரு கல்லைக் காட்டினார். அப்புறம் நடந்ததுதான் இந்தப் பயணத்திலேயே நான் மறக்க மாட்டாதது. இரண்டு பேரும் தொழில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சிமெண்டில் சில்லுகளைக் கலந்து கொட்டி, உருளை ஓட்டி, இறுகவிட்டு, தண்ணீர் விட்டு மெஷினில் தேய்த்தால்தான் கல்லின் முகம் வெளியே வரும் என்று இவள் கைகளால் நடித்துக் காட்டினாள். தேய்க்கும்போது வரும் சேறு காலில் பட்டால் புண்ணாகும். அவள் அப்பாவின் ஆட்கள் காலில் சாக்கைக் கட்டிக்கொள்வார்களாம். அந்த ஊழியர், கடும் ரசாயனம் எதுவும் தரையில் படக்கூடாது, குளிர்காலத்தில் பூட்ஸில் ஒட்டிவரும் உப்புதான் பெரிய எதிரி என்றார். உங்கள் ஊரில் எதை வைத்துத் துடைப்பீர்கள் என்று கேட்டார். பாலிஷ் போட ஆக்ஸாலிக் ஆசிட், அப்புறம் மெழுகு, தினசரி வெறும் தண்ணீர் என்றாள். தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். நான் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நின்றேன். பாதிக்குமேல் என் உதவி தேவைப்படவே இல்லை.

"அப்பா எத்தனையோ வீட்டுக்குத் தரை போட்டார். ஒரு கல்லுகூட அவர் பேர்ல இல்ல" என்றாள் காரில். ஊருக்குப் போனதும் தன் கடைத் தரையில் அவர் பெயரில் ஒரு நீலக் கல் பதிக்கப்போவதாகச் சொன்னாள்.

நெப்ராஸ்காவின் தலைநகர் லிங்கனில் கட்டடமே வேறு மாதிரி. 1932-ல் முடிந்த 400 அடி கோபுரம், உச்சியில் விதை தூவும் உழவர் சிலை. 14-வது மாடிவரை இலவசமாக ஏறி நான்கு திசையும் பார்க்கலாம். தரையில் ஹில்ட்ரெத் மெய்யர் என்ற கலைஞர் வடிவமைத்த சித்திர மொசைக். அதைப் பற்றித் தோழி எழுதினால் தனிப் பதிவாகும். வழிகாட்டி ஓய்வுபெற்ற ஆசிரியை. சட்டமன்றத்தின் இரண்டு சபைகளுக்காகக் கட்டிய இரண்டு மண்டபங்களையும் காட்டினார். 1934-ல் செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் மாநிலம் முழுக்கக் காரில் சுற்றி, ஒரே வேலையை இரண்டு சபைகள் செய்வானேன் என்று கேட்டாராம். மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொண்டார்கள். 1937 முதல் ஒரே சபைதான், இப்போது 49 உறுப்பினர்கள். அமெரிக்காவில் இப்படி இருப்பது நெப்ராஸ்கா மட்டும்.

"எங்க ஊர்லயும் மேலவை கிடையாது, 1986-லேயே எடுத்துட்டாங்க" என்று தோழி சொன்னதை மொழிபெயர்த்தேன். ஆசிரியைக்கு அப்படி ஒரு சந்தோஷம். எத்தனை உறுப்பினர்கள் என்றார். 234 என்றதும் கண்ணை விரித்தார். எங்களுக்குப் பின்னால் வந்த குழுவிடம் தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கோடையில் கூட்டத்தொடர் இல்லாததால் இவர்களுக்கெல்லாம் நம்மோடு நின்று பேச நேரம் இருக்கிறது. சென்னையில் தலைமைச் செயலகத்துக்குள் போக பாஸ் வேண்டும், யாரைப் பார்க்க வந்தாய் என்று சொல்ல வேண்டும். இங்கே நாங்கள் போன எந்த இடத்திலும் டிக்கெட் இல்லை, ஏன் வந்தாய் என்ற கேள்வியும் இல்லை. சொந்த வீட்டைக் காட்டுவதுபோல் காட்டுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

அயோவாவின் தலைநகர் டி மாய்னில் மழை, நேரமும் குறைவு. ஐந்து குவிமாடங்கள், நடுவில் இருப்பதற்குத் தங்கத் தகடு. சட்ட நூலகத்தின் வார்ப்பிரும்புச் சுழல் படிக்கட்டுகளை மட்டும் தவறவிடாதீர்கள்.

அடுத்த முறை அவள் வரும்போது கான்சஸின் டொபீகா. அங்கே சுவரோவியம் வரைந்த ஜான் ஸ்டூவர்ட் கர்ரி, படங்களுக்கு இடம் வேண்டும், நடுமண்டபத்தின் இத்தாலியச் சலவைக்கல்லைக் கொஞ்சம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டார். சட்டமன்றம் மறுத்துவிட்டது. படங்களில் கையெழுத்துப் போடாமலே அவர் போய்விட்டார். கல் பக்கமா, ஓவியர் பக்கமா என்று தோழி இன்னும் முடிவு செய்யவில்லை, நேரில் பார்த்துத்தான் சொல்வாளாம். குவிமாடத்துக்கு ஏற 296 படிகள் என்கிறார்கள். ஏறியவர்கள் இருந்தால், முட்டிவலி உள்ளவர்களுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் இருக்கிறதா என்று சொல்லுங்கள்.