மறு: மறு: 'நல் ரிசல்ட்' – தமிழ்ல என்ன போடலாம்? (வெள்ளிக்குள்ள வேணும்)

எல்லாருக்கும் வணக்கம். ஐன்ஸ்டீனோட சிறப்புச் சார்பியலைச் சோதிச்ச சோதனைகள் பத்தின ஒரு அத்தியாயம் மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள அனுப்பியாகணும். கால நீட்சி (வேகமாப் போற கடிகாரம் மெதுவா ஓடுறது), நீளச் சுருக்கம், குறுக்கீட்டுப் பட்டை எல்லாம் ஏற்கனவே புழங்குது, அதுல சிக்கல் இல்ல. 1887ல மைக்கேல்சனும் மார்லியும் பண்ண சோதனையில வந்தது 'நல் ரிசல்ட்'னு (null result, தேடின விளைவு தென்படலங்கற முடிவு) சொல்றாங்க இல்லையா, அதுலதான் நிக்குறேன். அப்படியே எழுதினா 'நல்'ங்கறதை நல்லன்னுதான் படிப்பாங்க. வரைவுல 'சுழி முடிவு'ன்னு வெச்சிருக்கேன், மனசு ஒப்பல.

-----

> வரைவுல 'சுழி முடிவு'ன்னு வெச்சிருக்கேன்

சுழி வேண்டாம்மா. நீர்ச்சுழியும் சுழிதான், எழுத்துல போடுற சுழியும் சுழிதான், பூச்சியங்கற எண்ணுக்கு அது பின்னால வந்த பேரு. பரிபாடல் மூணாம் பாட்டைப் பாருங்க, 'பாழ் எனக் கால் எனப் பாகு என'ன்னு எண்கள் வரிசையா வரும். ஒண்ணுமில்லாததுக்கு நம்மகிட்ட இருக்கிற பழைய சொல் பாழ். அதே வரிசையில எட்டுக்கு அப்புறம் 'தொண்டு'ன்னு வருது, அதுதான் ஒன்பது. தொண்ணூறு, தொள்ளாயிரம் ரெண்டுக்கும் அதுதான் வேர்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு வர்றேன், தொல்காப்பியர் ஒன்பதோட ஒகரத்துக்கு முன்னால தகரம் வந்து ஒட்டுதுன்னு விதி சொல்லியிருந்தாலும் வழக்கு அதுக்கு முந்தினதுன்னுதான் படுது. அதை விடுங்க. 'பாழ்முடிவு'ன்னு வைங்க, ரெண்டே சொல், முழுசாத் தமிழ்.

-----

ஐயா, பாழ்முடிவுன்னு வகுப்புல சொன்னா சோதனை பாழாப் போச்சுன்னுதான் பிள்ளைங்க எடுத்துக்கும். ஏற்கனவே அதைத் தோத்துப்போன சோதனைன்னு நினைக்கிறவங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்.

தூய்மைக்காக இதைச் சொல்லல, இயற்பியலுக்காகச் சொல்றேன். சூரியனைச் சுத்தி பூமி வினாடிக்கு 30 கி.மீ. வேகத்துல போகுது, ஒளி பரவுறதுக்கு ஈதர்னு ஒரு ஊடகம் இருந்தா அந்த வேகம் ஒளியோட பயண நேரத்துல தெரியணும். பெரிய கல்பலகையைப் பாதரசத்துல மிதக்கவிட்டு, கண்ணாடிகளுக்கு நடுவுல ஒளியைத் திரும்பத் திரும்ப அனுப்பி, கருவியில ஒளி போய்த் திரும்புற ஒவ்வொரு கையோட நீளத்தையும் 11 மீட்டர் அளவுக்குக் கொண்டுவந்து, பலகையை மெதுவாச் சுத்தவிட்டுக்கிட்டே பாத்தாங்க. ரெண்டு கையிலயும் போய்வந்த ஒளி சேரும்போது தெரியுற குறுக்கீட்டுப் பட்டை 0.4 பட்டை அகலம் நகரணும்னு கணக்கு. கிடைச்சது 0.02க்கும் கீழ. அது சுழியம் இல்லீங்க. இந்தக் கருவியால இவ்வளவு வரைக்கும் பாக்க முடியும், அதுக்குள்ள எதிர்பார்த்தது தென்படல, அவ்வளவுதான் அவங்க சொன்னது. இப்ப ஒளியியல் ஒத்ததிர்விகளை (ஒளியைக் கண்ணாடிகளுக்கு நடுவுல அடைச்சு வெக்கிற கருவிகள்) வெச்சு அதே கேள்வியை பத்தின் அடுக்கு மைனஸ் 17 அளவுக்குக் கேக்குறாங்க, எல்லைதான் இறங்கிக்கிட்டே போகுதே தவிர சுழியத்தை யாரும் அளந்துடல. அதனால சுழி, பூச்சியம், பாழ் மூணுமே தப்பான விஷயத்தைச் சொல்லுது.

-----

கணக்குல வெற்றுக் கணம் இருக்கே, 'வெற்று முடிவு'ன்னு போட்டா என்ன?

-----

வெற்றுப் பேச்சு, வெற்று ஆரவாரம்னு காதுல விழுந்து பழகிடுச்சு, உள்ள சரக்கு இல்லன்னு ஆகிடும். புள்ளியியல்ல null hypothesis-ஐ இன்மை கருதுகோள்னு எழுதுறாங்க, அதையே பிடிச்சுக்கிட்டு 'இன்மை முடிவு'ன்னு போயிடலாம், தேடுறவங்களுக்கும் சட்டுன்னு கிடைக்கும். என் ஓட்டு இதுக்கு.

-----

> 'இன்மை முடிவு'ன்னு போயிடலாம்

வள்ளுவர் இன்மைன்னு எதைச் சொல்றார்? நல்குரவு அதிகாரத்தோட முதல் குறளே 'இன்மையின் இன்னாதது யாதெனின்'னுதான் ஆரம்பிக்குது, அங்க இன்மைன்னா வறுமை. அது போகட்டும், எதோட இன்மை? முடிவே இல்லைங்கறதா, விளைவு இல்லைங்கறதா? சொல்லுக்குள்ள விடை இல்ல. பாழ் வேண்டாம்னா 'காணா முடிவு'ன்னு வைங்க.

-----

அய்யா, காணா முடிவு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், 'இதுவரை யாரும் காணாத முடிவு'ன்னும் விரியுமே. கண்டவன் யாரு, காணாதது எதுன்னு தொங்கும்.

-----

'எதோட இன்மை'ன்னு ஐயா கேட்ட கேள்வி நியாயமானது, அதை அப்படியே விட்டுட முடியாது. முதல்ல 'நகர்வு காணா முடிவு'ன்னு யோசிச்சேன், ஆனா 1903ல ட்ரவுட்டனும் நோபிளும் தொங்கவிட்டது மின்னேற்றம் பெற்ற மின்தேக்கியை, அங்க பட்டையே கிடையாது, தேடினது ஒரு திருப்புவிசையை. அதனால பொதுவா 'விளைவு காணா முடிவு'. நீளம்தான், ஆனா இதுக்கு ஒரு ஜோடி கிடைக்குது. இயற்பியலாளர் ராபர்ட்சன் 1949ல எழுதினதைப் பாத்தீங்கன்னா சிறப்புச் சார்பியலைத் தாங்குற தூண்களா மூணு சோதனைகளை வெக்கிறார்: மைக்கேல்சன்-மார்லி, கை நீளங்களை வேணும்னே வேற வேறயா வெச்ச கென்னடி-தார்ன்டைக் (1932), ஐவ்ஸ்-ஸ்டில்வெல் (1938). முதல் ரெண்டும் தேடினதைக் காணல. மூணாவதுல கண்டாங்க, வேகமாப் போற ஹைட்ரஜன் முன்னாலயும் பின்னாலயும் விடுற ஒளியோட அலைநீளங்களைச் சராசரி எடுத்தா அது பழைய இடத்துல நிக்கல, கால நீட்சி சொன்ன அளவுக்கு நகர்ந்திருந்தது. மியூவான்ங்கற துகளும் அப்படித்தான், சும்மா இருந்தா 2.2 மைக்ரோவினாடி ஆயுள், செர்ன் ஆய்வுக்கூடத்து வளையத்துல வேகமா ஓடவிட்டப்போ 64 மைக்ரோவினாடி கிட்ட ஆச்சு. இதையெல்லாம் 'விளைவு கண்ட முடிவு'ன்னு எழுதலாம். 'இன்மை முடிவு'க்கு எதிர்ல என்ன எழுதுவீங்க? உண்மை முடிவுன்னா? அப்போ மைக்கேல்சனோடது பொய்யா?

-----

> எதிர்ல என்ன எழுதுவீங்க?

உடன்பாட்டு முடிவு?

-----

எதுகூட உடன்பாடு? மைக்கேல்சனோட முடிவும்தான் சார்பியலோட உடன்படுது. குழப்பத்தைக் கூட்டாதீங்க தம்பி.

-----

எல்லாருக்கும் நன்றி, நேரம் ஆயிடுச்சு. நிறையப் பேர் இன்மை முடிவுக்குத்தான் சாயறீங்க, அட்டவணையிலயும் தலைப்புலயும் அதைப் போட்டுட்டேன், சின்னதா இருக்கறதால. முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் 'எதிர்பார்த்த விளைவு கருவியின் எல்லைக்குள் காணப்படாத முடிவு'ன்னு விரிச்சு எழுதி, 0.4, 0.02 ரெண்டு எண்ணையும் பக்கத்துலயே குடுத்திருக்கேன். ராபர்ட்சன் பத்தியில ரெண்டு வகையும் எதிரெதிரா வர்றதால அங்க 'விளைவு காணா', 'விளைவு கண்ட'தான்.

-----

ஒரே அத்தியாயத்துல ஒரே கருத்துக்கு ரெண்டு சொல் கூடாது. இன்மைக்கு என் எதிர்ப்பு அப்படியே நிக்குது. தொண்டு பத்தித் தனி இழை தொடங்குறேன், தொள்ளாயிரத்துல ளகரம் எப்படி வந்துச்சுன்னு யாராவது இலக்கணம் காட்டுங்க.